காப்புரிமை தீர்ந்த மாத்திரை

1980களின் தொடக்கத்தில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் இயங்கிவந்த அயர்ஸ்ட் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த சுரேந்திரநாத் சேகல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குக் குடிபெயர்ந்தபோது, வீட்டுச் சாமான்களோடு ஒரு பொட்டலத்தையும் உலர்பனியில் வைத்துக் கட்டி எடுத்துப்போனார். புது வீட்டில் அது ஃபிரீசருக்குள் போனது. வீட்டார் தெரியாமல் பிரித்துவிடக் கூடாதென்று 'சாப்பிட வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருந்தார்.

பொட்டலத்தில் இருந்தது ஒரு மண் பாக்டீரியா. 1964இல் கனடா மருத்துவக் குழு ஒன்று பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவுக்குப் போய் அள்ளிவந்த மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். தீவின் சொந்தப் பெயர் ராப்பா நூயி. அதையொட்டி, அந்தப் பாக்டீரியா சுரக்கும் வேதிப்பொருளுக்கு ராப்பமைசின் என்று பெயர் வைத்தவர் சேகல். பூஞ்சையைக் கொல்லும் மருந்தாகும் என்று எண்ணித் தொடங்கிய ஆய்வு அது. உடலின் நோயெதிர்ப்பையும் அது அடக்குகிறது என்று தெரிந்ததும் நிறுவனத்தின் ஆர்வம் வடிந்துவிட்டது. ஆனால் மாற்றுறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்க அந்தக் குணமே உதவும் என்று சேகல் நம்பினார். நிர்வாகம் மாறும்வரை காத்திருந்து, மறுபடி அதைக் கையில் எடுத்தார். 1999இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 2003இல் சேகல் புற்றுநோயால் காலமானார்.

அவர் காணாத ஒரு முடிவு 2009இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மூன்று ஆய்வகங்கள் ஒரே நேரத்தில் சுண்டெலிகளின் தீவனத்தில் ராப்பமைசினைக் கலந்து கொடுத்துப் பார்த்திருந்தன. இளம் எலிகளிலேயே தொடங்குவதாகத்தான் திட்டம். மருந்து தீவனத்தில் கெடாமல் இருக்க வழி கண்டுபிடிப்பதற்குள் எலிகளுக்கு 600 நாள் ஆகிவிட்டது. மனிதக் கணக்கில் அது சுமார் 60 வயது. அந்த வயதில் தொடங்கியும் பெண் எலிகளின் அதிகபட்ச ஆயுள் 14 சதவீதமும் ஆண் எலிகளின் ஆயுள் 9 சதவீதமும் கூடின. பாலூட்டி ஒன்றின் ஆயுளை, அதுவும் முதிய வயதில் தொடங்கி, ஒரு மருந்து நீட்டியது என்பதற்கு உறுதியான சான்று அப்போதுதான் கிடைத்தது.

மூப்பைத் தாமதப்படுத்தும் தொழில்நுட்பத்தில் சமூகம் பணம் போட வேண்டுமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஃபிரீசர் நினைவுக்கு வருகிறது. ஒரு மூலக்கூறுக்குச் சந்தை வைத்த மதிப்பு வேறு, அதன் உண்மையான மதிப்பு வேறு. நடுவில் ஒரு தனிமனிதரின் பிடிவாதம் இல்லாதிருந்தால் அந்த வேறுபாடு யாருக்கும் தெரியாமலேயே போயிருக்கும்.

ஒரு நோயைத் துரத்தினால் அடுத்தது

முதலில், இந்த ஆய்வு எதற்கு? சாகாவரம் தேடும் பணக்காரர்களின் விளையாட்டு என்றுதான் பலரும் இதைப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்க இடம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இதன் அடியில் இருக்கும் தர்க்கம் மிகப் பழையது, எளிமையானதும்கூட.

1825இல் லண்டனின் ஆயுள் காப்பீட்டுக் கணக்கர் பெஞ்சமின் காம்பர்ட்ஸ் இறப்பு அட்டவணைகளை ஆராய்ந்து ஓர் ஒழுங்கைக் கண்டார். வளர்ந்த மனிதருக்கு இறப்பின் வாய்ப்பு வயதோடு சீரான விகிதத்தில் பெருகிக்கொண்டே போகிறது. இன்றைய கணக்கில், ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. மாரடைப்பு, பக்கவாதம், பெரும்பாலான புற்றுநோய்கள், மறதிநோய் எல்லாம் இதே படிக்கட்டில்தான் ஏறுகின்றன. புகை, உப்பு, கொழுப்பு என்று தனித்தனியாக நாம் அஞ்சுகிற காரணங்கள் எல்லாவற்றையும்விட வயதே பெரிய காரணம்.

இதனால் ஒரு விசித்திரமான விளைவு உண்டாகிறது. வளமான நாடுகளில் புற்றுநோயை அடியோடு ஒழித்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும் சராசரி ஆயுள் சுமார் மூன்று ஆண்டுதான் கூடும் என்று மக்கள்தொகை அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 78 வயதில் புற்றுநோயிலிருந்து தப்பியவரை 80இல் பக்கவாதமோ இதய நோயோ பிடித்துக்கொள்கிறது. ஆகவே கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டுவதைவிட வேரைத் தொட்டுப் பார்க்கலாமே என்பதுதான் மூப்பு உயிரியலின் வாதம். 2013இல் கார்லோஸ் லோபஸ் ஓட்டின் குழுவினர் அந்த வேரை ஒன்பது அடையாளங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். மரபணுச் சிதைவு, செல்களின் கழிவு அகற்றும் வேலை மந்தமாவது, பிரியாமலும் சாகாமலும் தேங்கி நின்று சுற்றத்தைக் கெடுக்கும் மூத்த செல்கள் ஆகியவை அவற்றுள் சில. 2023இல் அந்தப் பட்டியல் பன்னிரண்டாக வளர்ந்தது.

இங்கே ஆயுளும் நலமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் பிறந்த ஒருவரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 73 ஆண்டு. அதில் நலமாக வாழக்கூடியது 63 ஆண்டுதான். மீதிப் பத்தாண்டு மருந்துப் பெட்டியோடும் பிறர் தோளோடும் கழிகிறது. மூப்பு ஆய்வின் நேர்மையான இலக்கு 150 வயது அன்று. இந்தப் பத்தாண்டைச் சுருக்குவது.

எலிகளின் வெற்றி, மனிதர்களின் தோல்வி

தர்க்கம் சரியாக இருப்பதால் மருந்து வேலை செய்துவிடாது. இத்துறையின் வரலாற்றில் பாதி, ஏமாற்றங்களின் வரலாறு.

சிவப்பு ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் இளமையைக் காக்கும் என்ற பேச்சு இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உலகைச் சுற்றியது. அதை மையமாக வைத்துத் தொடங்கப்பட்ட சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008இல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் 72 கோடி டாலருக்கு வாங்கியது. ராப்பமைசினைச் சோதித்த அதே மூன்று ஆய்வகங்கள் ரெஸ்வெரட்ராலையும் சாதாரண எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தன. ஆயுள் கூடவில்லை. 2013இல் கிளாக்ஸோ அந்தப் பிரிவை மூடிவிட்டது. அந்த மூன்று ஆய்வகங்களும் அமெரிக்க அரசின் தேசிய மூப்பு நிறுவனம் நடத்தும் சோதனைத் திட்டத்தைச் சேர்ந்தவை. எந்தப் பொருளையும் விற்கும் வேலை அவற்றுக்கு இல்லை. அதனால் தோல்வியையும் வெற்றியைப் போலவே அவை அச்சிடுகின்றன. சோதித்த பொருள்களில் பெரும்பாலானவை பலன் தரவில்லை என்பதையும் அவற்றிடமிருந்துதான் அறிகிறோம்.

எலிகளைத் தாண்டி மனிதர்களிடம் வந்தபோதும் இதே கதைதான். மூத்த செல்களை அழித்தால் மூட்டு தேய்மானம் குறையும் என்று யூனிட்டி பயோடெக்னாலஜி சோதித்த மருந்து 2020இல் வெற்று மருந்தைவிட மேலாக வேலை செய்யவில்லை. ராப்பமைசினின் உறவுக்கார மருந்து ஒன்று முதியோரின் ஃப்ளூ தடுப்பூசிப் பலனைக் கூட்டுவதாக 2014இல் சிறு சோதனையில் தெரிந்தது. அதைத் தொடர்ந்து அதே வழியில் உருவான மருந்து 2019இல் பெரிய சோதனையில் தோற்றது. தன் உடலையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்ட அமெரிக்கச் செல்வந்தர் பிரையன் ஜான்சன் பல ஆண்டு ராப்பமைசின் சாப்பிட்டுவிட்டு, பக்கவிளைவுகளைச் சொல்லி 2024இல் நிறுத்தினார். அவர் அனுபவத்திலிருந்து உலகம் கற்றது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒப்பிட ஆளில்லாத ஒற்றை உடலில் எது எதனால் நடந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

மக்கள்தொகை அறிஞர் ஜே ஒல்ஷான்ஸ்கி குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, நீண்ட ஆயுள் கொண்ட நாடுகளில் 1990க்குப் பிறகு ஆயுள் எதிர்பார்ப்பு கூடும் வேகம் குறைந்திருப்பதைக் காட்டியது. மூப்பின் வேகத்தையே குறைத்தாலொழிய இந்த நூற்றாண்டில் பெரிய பாய்ச்சல் இருக்காது என்பது அவர்கள் முடிவு. சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன் 2024இல் மூப்பையும் மரணத்தையும் பற்றி எழுதிய நூலும் இந்த இடத்தில்தான் நிற்கிறது: உயிரியல் உண்மையானது, அதைச் சுற்றி எழுப்பப்படும் ஆரவாரம் வேறு. இத்துறையில் 700க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இறங்கியிருப்பதாக அவர் கணக்குச் சொல்கிறார்.

பணம் இல்லாமல் இல்லை

அத்தனை நிறுவனங்கள் இருக்கும்போது சமூகமும் ஏன் பணம் போட வேண்டும்? கூகுள் 2013இல் காலிகோவைத் தொடங்கியது. ஆல்டாஸ் லேப்ஸ் 2022இல் 300 கோடி டாலரோடு கதவு திறந்தது. சவூதி அரேபியாவின் ஹெவல்யூஷன் அறக்கட்டளை ஆண்டுக்கு 100 கோடி டாலர்வரை செலவிடப்போவதாக அறிவித்தது. பணம் இல்லை என்று இத்துறையில் யாரும் அழ முடியாது.

ஆனால் மெட்ஃபார்மினின் கதையைப் பாருங்கள். 1957 முதல் சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மருந்து அது. நம் ஊரில் பல வீடுகளில் ஒருவராவது அதைச் சாப்பிடுகிறார். மாத்திரை சில ரூபாய். பிரிட்டன் நோயாளர் பதிவுகளை வைத்து 2014இல் வந்த ஆய்வு, மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையே இல்லாதவர்களைவிடக்கூட நெடுநாள் வாழ்வதாகச் சொன்னது. 2022இல் டென்மார்க் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. அந்த மூன்று ஆய்வகங்களின் எலிகளிலும் மெட்ஃபார்மின் தனியாகக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. ஆக, இருப்பது ஒரு திறந்த கேள்வி. பதிவேடுகளைப் புரட்டி அதைத் தீர்க்க முடியாது. ஒரு பகுதியினருக்கு மருந்தும் மறுபகுதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பல ஆண்டு பார்த்தால்தான் தீரும்.

அதற்கான திட்டம் தயாராக இருந்தது. நியூயார்க் மருத்துவர் நிர் பார்சிலாய் தலைமையில் வகுக்கப்பட்டது, பெயர் டேம். 65 முதல் 79 வயதுவரை, சர்க்கரை நோய் இல்லாத 3,000 பேர், ஆறு ஆண்டு. எத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள் என்று கடைசிவரை காத்திருக்க வேண்டாம். மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், மறதிநோய், மரணம் இவற்றில் முதலாவது எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்த்தால் போதும். 2015இல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தோடு பேச்சும் நடந்தது. செலவு ஆல்டாஸின் தொடக்க முதலீட்டில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. அதற்குப் பின் அந்தத் திட்டம் ஆண்டுக் கணக்கில் பணத்துக்காகக் காத்துக்கிடந்தது.

காரணத்தில் மர்மம் இல்லை. மெட்ஃபார்மினுக்குக் காப்புரிமை தீர்ந்து பல காலம் ஆகிவிட்டது. அது மூப்பைத் தாமதப்படுத்துகிறது என்று ஒரு நிறுவனம் கோடிகளைக் கொட்டி நிரூபித்தால், மறுநாளே வேறு நூறு நிறுவனங்கள் அதே மாத்திரையை விற்கும். நிரூபித்தவருக்கு மிஞ்சுவது பெருமை மட்டும். முதலீட்டாளர் பேராசைக்காரர் என்று பழிப்பதில் பொருளில்லை; திரும்பி வராத பணத்தைப் போடும்படி அவரை யாரும் கேட்க முடியாது. எந்தக் கேள்விக்கான பதில் எல்லோருக்கும் பயன்படுகிறதோ, எவருக்கும் லாபம் தருவதில்லையோ, அந்தக் கேள்வி பொதுப்பணத்துக்கு உரியது.

இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. அமெரிக்க அரசின் இதய நிறுவனம் 40,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து இரத்த அழுத்த மருந்துகளை ஒப்பிட்டது. 2002இல் வந்த முடிவு, பல பத்தாண்டுப் பழைய மலிவான சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை, விலை கூடிய புதியவற்றுக்குச் சளைத்ததில்லை என்று காட்டியது. 2020இல் பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் நடந்த ரெக்கவரி சோதனை, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைச் சில மாதங்களில் கண்டுபிடித்தது. அந்த இரண்டு கேள்விகளையும் சந்தை தானாகக் கேட்டிருக்காது.

ஒரே ஒரு நெல்லிக்கனி

அடுத்த தடை நியாயமானது. மருந்து வேலை செய்தாலும் கிடைக்கப்போவது யாருக்கு? பணக்காரர் நூறு வயதிலும் இளமையாக இருக்க, ஏழை அறுபதில் கூனிப்போகும் உலகம்தான் வருமென்றால் நம் வரிப்பணம் அதற்கு ஏன் போக வேண்டும்?

அப்படிப்பட்ட உலகம் வரவேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து ஆராய்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் 38 வயது ஆனபோது உடல் அளவீடுகளை வைத்து உயிரியல் வயதைக் கணக்கிட்டார்கள். 28 முதல் 61வரை வந்தது. இங்கிலாந்தில் மிக வறிய பகுதிகளுக்கும் மிக வளமான பகுதிகளுக்கும் இடையே நலமாக வாழும் காலத்தில் ஏறத்தாழ 19 ஆண்டு இடைவெளி. மூப்பு ஒரே கடிகாரத்தில் எல்லோருக்கும் ஓடுவதில்லை. வறுமை அதை முடுக்கிவிடுகிறது. நாற்று நடுபவரின் முதுகும் சித்தாள் வேலை பார்ப்பவரின் முழங்காலும் ஓய்வூதிய வயதுக்காகக் காத்திருப்பதில்லை. இந்தியாவில் பெரும்பாலான உழைப்பாளிகளுக்கு ஓய்வூதியமே கிடையாது. உடல் விடும்வரை வேலை. உடல் பத்தாண்டு தள்ளி விடுவது மேல்தட்டு ஆசை என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது.

நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதையில், கனி ஒன்றே ஒன்றுதான். அதனால்தான் கொடுத்தது கொடையானது. மாத்திரை அப்படிப்பட்ட பண்டமன்று. ஆலை ஓடினால் கோடிக்கணக்கில் வரும். அதைத் தட்டுப்பாடாக்குவது இயற்கையன்று, காப்புரிமை. 2001இல் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு மேலைநாட்டு நிறுவனங்கள் ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் வாங்கிக்கொண்டிருந்தபோது, மும்பையின் சிப்ளா அதையே நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்கள் அந்த விலையில்தான் பிழைத்தன. மருந்து பணக்காரர் வீட்டில் பிறந்ததா என்பதைவிட, அதன் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதே விளைவைத் தீர்மானித்தது. பொதுப்பணம் போட்டவர்களுக்கு அந்த நிர்ணயத்தில் குரல் இருக்கும். வேடிக்கை பார்த்தவர்களுக்கு இருக்காது.

இன்றைய முதியவர்களின் கணக்கு

எனக்கு மிகக் கனமாகத் தோன்றுவது வேறொரு மறுப்பு. 2022இல் இந்தியாவில் 60 வயது கடந்தோர் 14.9 கோடி, 2050இல் அது 34.7 கோடி ஆகும் என்பது ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் மதிப்பீடு. தமிழ்நாடு ஏற்கெனவே முந்திக்கொண்டிருக்கிறது: 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம், 2021க்கான மதிப்பீட்டில் 13.6. தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயதுவரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். தமிழ்நாடு தன் பணத்தைச் சேர்த்து 2023இல் அதை 1,200 ஆக்கியது. இப்போது கஞ்சிக்கு அல்லாடுகிறவரை வைத்துக்கொண்டு, நாளை முதியவராகப் போகிறவரின் செல்களைப் பற்றி ஆய்வா?

கேள்வி சரி. அதனால்தான் முதலீட்டின் அளவும் இடமும் முக்கியம். ஆல்டாஸோடு போட்டி போட்டுச் செல்களை இளமையாக்கும் பந்தயத்தில் இறங்க ஓர் ஏழைச் சமூகத்துக்கு எந்த அவசியமும் இல்லை. அந்தச் சூதாட்டத்தைச் செல்வந்தர்கள் தம் பணத்தில் ஆடட்டும். பொதுப்பணம் மூன்று இடங்களில் போகலாம்: காப்புரிமை தீர்ந்த மருந்துகளைச் சோதிக்கும் பெரிய, எளிய ஒப்பீட்டு ஆய்வுகள், நம் மக்களின் உடல் எப்படி மூப்படைகிறது என்ற நெடுங்கால அளவீடு, முதியோர் மருத்துவம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் இரண்டாவது வேலையைத் தொடங்கியிருக்கிறது. மூன்றாவதில் சென்னைக்கு மூத்த இடம் உண்டு. 1978இலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கியது.

முதலாவதுக்கு நம்மிடம் பலரிடம் இல்லாத ஒரு கருவி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். டேம் ஆய்வில் மிகச் செலவு பிடிப்பது மாத்திரை அன்று. ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக் கணக்கில் விடாமல் தொடர்வது. அந்தத் தொடர்ச்சிக்கான கால்கள் இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கின்றன. முறையான ஒப்புதலும், சுயேச்சையான நெறிமுறைக் குழுவும், தோல்வியையும் அச்சிடும் உறுதியும் சேர்ந்தால், உலகம் பல ஆண்டாகப் பணமில்லை என்று தள்ளிப்போடும் கேள்விகளில் ஒன்றிரண்டுக்கு இங்கிருந்தே விடை சொல்லலாம். விடை 'பயனில்லை' என்று வந்தாலும் அது செலவுக்குத் தகும். கோடிப் பேர் சாப்பிடும் மாத்திரையைப் பற்றிய தெளிவு அது.

மற்ற மறுப்புகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மக்கள்தொகை பெருகிவிடும் என்ற அச்சம், பிறப்பு விகிதம் ஈடுகட்டும் அளவுக்குக் கீழே போய்விட்ட தமிழ்நாடு போன்ற இடங்களில் பொருந்தவில்லை. மூத்தோர் நாற்காலியை விட மாட்டார்கள் என்பது உண்மையான கவலை. அதற்கு மருந்து பதவிக்கால வரம்பு, முழங்கால் வலி அன்று. ஓய்வூதியச் செலவு உயரும் என்பதும் மெய். டானா கோல்ட்மன் குழுவினர் 2013இல் அமெரிக்காவுக்குக் கணக்கிட்டபோது, மூப்பைத் தாமதப்படுத்தினால் ஐம்பது ஆண்டில் 7.1 லட்சம் கோடி டாலர் மதிப்புள்ள பயன் கிடைக்கும் என்றும், கூடவே அரசின் முதியோர் செலவு ஏறும் என்றும் இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். நலமாகக் கூடும் ஆண்டுகளில் ஒரு பகுதியை உழைப்புக்குக் கேட்க வேண்டிவரும். அது அரசியல் பேரம்; முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டியது.

முடிவாக, முதலீடு செய்யலாமா என்றால் செய்யலாம், ஆனால் பிறர் கண் படாத இடத்தில் என்பதே என் பதில். சேகலின் வீட்டு ஃபிரீசர் பல ஆண்டு ஓர் ஆய்வு நிறுவனத்தின் வேலையைப் பார்த்தது. மின்சாரம் ஒரு நாள் நீண்ட நேரம் போயிருந்தால், வீட்டார் யாராவது இடம் வேண்டுமென்று பொட்டலத்தைத் தூக்கி எறிந்திருந்தால், நாம் எதை இழந்தோம் என்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது. லாபம் தராததால் மூலையில் கிடக்கும் பொட்டலங்கள் இன்னும் எத்தனையோ. அவற்றைத் திறந்து பார்க்கும் செலவை ஒருவர் வீட்டு மின்கட்டணத்தில் எழுதிவிட்டுப் போகாமல் இருப்பதற்குத்தான் பொதுப்பணம்.